ஜிம்முக்கு வராமல் போகிறவர்கள்: ஒரு டேட்டா அனலிஸ்டின் கணக்கு

"ஜிம்மில் டேட்டா அனலிஸ்டுக்கு என்ன வேலை?" வேலூரில் என்னிடம் இதைக் கேட்காத சொந்தக்காரர்களே இல்லை. எடை தூக்குகிற இடம், மாதம் பிறந்தால் ஃபீஸ், இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று சில கிளைகள் உள்ள ஒரு ஃபிட்னஸ் கிளப்பில் சீனியர் டேட்டா அனலிஸ்டாக இருக்கிறேன். எத்தனையோ ரிப்போர்ட் போடுகிறோம், ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரே கணக்கு. சேர்ந்தவர்களில் யார் தங்குகிறார்கள், யார் கழன்றுகொள்கிறார்கள், அது நமக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது? தங்குகிறவர்களின் விகிதத்துக்கு ரிடென்ஷன் என்றும், கழல்கிறவர்களின் விகிதத்துக்கு சர்ன் என்றும் பெயர். புதிதாக இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்காக அதை இங்கே விளக்குகிறேன்.

முதலாளி கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "இந்த மாசம் எத்தினி பேரும்மா?" சாஃப்ட்வேரைத் திறந்தால் ஓர் எண் வரும், 640 என்று வைத்துக்கொள்வோம். அது பணம் கட்டி, காலக்கெடு முடியாமல் இருப்பவர்களின் எண்ணிக்கை. அந்த 640 பேரில் போன வாரம் ஒரு நாளாவது வந்தவர்கள் 350 பேராக இருக்கலாம். மூன்று வாரமாக எட்டிப் பார்க்காதவர்கள் 150 பேர் இருக்கலாம். இந்த 150 பேரும் கணக்கில் மெம்பர்கள், நடப்பில் பாதி போய்விட்டவர்கள். மொத்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், ரின்யூவல் தேதி வரும்வரை இது யாருக்கும் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தும் பெரிய பயன் இல்லை.

இதைப் பற்றிப் பொருளாதாரத்தில் நன்கு அறியப்பட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இருவர் அமெரிக்காவில் மூன்று ஹெல்த் கிளப்புகளின் வருகைப் பதிவை எடுத்து அலசி, 2006-ல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்திருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே கிளப்பில் ஒரு தடவைக்கு 10 டாலர் என்ற பாஸ் இருந்தது! வரப்போகிறோம் என்று நம்பிப் பணம் கட்டுகிறோம், வருவதில்லை. மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் திட்டத்தில் இருந்தவர்கள் கடைசியாக வந்த நாளுக்கும் மெம்பர்ஷிப்பை ரத்து செய்த நாளுக்கும் நடுவே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது என்பதுதான் எனக்கு அதில் மிக முக்கியமாகப் பட்டது. ஒருவர் மனதளவில் கிளம்புவதற்கும் கணக்கில் கிளம்புவதற்கும் இடையில் அவ்வளவு காலம் இருக்கிறது. எங்கள் வேலை முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான்.

"வராதவன் பணம் நமக்கு லாபம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் அந்தக் கணக்கு செல்லாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே தானாகப் பணம் பிடிக்கும் வழக்கம் குறைவு. மூன்று மாதம் முடிந்ததும் ஆள் நேரில் வந்தோ ஜிபேயிலோ மறுபடி கட்ட வேண்டும். வராதவர் கட்ட மாட்டார். போதாததற்கு, "அங்க சேர்ந்து காசு தண்டம்" என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் வைப்பார்.

விரல் ரேகையும் இனிஷியலும்

தரவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது. ஒரு ஜிம்மில் அட்மிஷன் ஃபாரம், ஃபீஸ் ரசீது, வாசலில் பயோமெட்ரிக் மெஷின், டிரெய்னரின் குறிப்பு நோட்டு என நாலு இடங்களில் தரவு உருவாகிறது. நாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

காலை ஐந்தரைக்கு வாசலில் நின்று பாருங்கள். முதலில் வருபவர் விரல் வைக்கிறார், கதவு திறக்கிறது. பின்னால் வரும் இரண்டு நண்பர்கள் கதவு மூடுவதற்குள் நுழைந்துவிடுகிறார்கள். மெஷினில் ஒரு வருகை, உள்ளே மூன்று பேர். இன்னொருவர் வேர்த்த விரலை வைத்து வைத்துப் பார்க்கிறார், மெஷின் எடுக்கவில்லை. ரிசப்ஷனில் இருக்கும் பெண் பட்டனை அழுத்தி உள்ளே விடுகிறார். கல், சிமெண்ட், தோல் பதனிடும் வேலை என்று கையால் உழைப்பவர்களுக்கு ரேகை தேய்ந்து இந்தத் தொல்லை கூடுதலாக இருக்கும். ஒருநாள் என் பட்டியலில் "இருபது நாளாக வரவில்லை" என்று ஒருவர் பெயர் இருந்தது. "அக்கா, அவரு டெய்லி வர்றாரு, விரல்தான் எடுக்கல" என்றாள் ரிசப்ஷன் பெண். அவரைக் கூப்பிட்டு "ஏன் வரலை?" என்று கேட்டிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! பதிவு இல்லாததும் ஆள் வராததும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மெஷின் சொல்லாது, வாசலில் உட்கார்ந்திருப்பவர்தான் சொல்வார்.

பெயர்களில் வேறொரு சிக்கல். நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இனிஷியல்தான். எஸ். கார்த்திக் என்று சேர்ந்தவர் ஆறு மாதம் கழித்து கார்த்திக் எஸ் என்று மறுபடி சேர்வார். ஆங்கில எழுத்தில் ஒரு தடவை நடுவில் ஒரு சி சேரும், அடுத்த தடவை சேராது. அதற்குள் ஃபோன் நம்பரும் மாறியிருக்கும். சாஃப்ட்வேர் அவரைப் புதிய ஆளாக எடுத்துக்கொள்ளும். விளைவு, பழைய கார்த்திக் கழன்றுபோனதாகவும் புதிய கார்த்திக் சேர்ந்ததாகவும் இரண்டு பக்கமும் தப்பாக ஏறும். நேர்மாறாக, அப்பாவின் ஒரே நம்பரில் அவரும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்திருப்பார்கள், நம்பரை வைத்து இணைத்தால் மூன்று பேர் ஒருவராகிவிடுவார்கள். அதனால் பெயர், நம்பர், பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிட்டு, குறைந்தது இரண்டு ஒத்துப்போனால் மட்டும் "ஒரே ஆளாக இருக்கலாம்" என்று குறித்து, அப்புறம் மனிதக் கண்ணால் பார்க்கிறோம். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் போடும் எந்த அழகான வரைபடமும் பொய்தான் சொல்லும்.

யாரைப் "போய்விட்டார்" என்று சொல்வது?

சர்ன் கணக்கு பார்க்க எளிது. மாதத் தொடக்கத்தில் 500 பேர், அதில் 40 பேர் கழன்றால் 8 சதவீதம். வகுத்தல் தெரிந்தால் போதும். கஷ்டம் அந்த 40-ல் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் இருக்கிறது. காலக்கெடு முடிந்த மறுநாளே ஒருவர் போனவராகிவிடுவாரா? சம்பளம் வந்ததும் ஐந்தாம் தேதி கட்டலாம் என்று இருப்பவர் எத்தனையோ பேர். மே மாதம் ஊருக்குப் போய் ஜூலையில் திரும்பும் காட்பாடிக் கல்லூரி மாணவர்? பிரசவத்துக்காக நிறுத்திவைத்திருக்கும் பெண்? ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி வேண்டும். உதாரணமாக, கெடு முடிந்து 15 நாள்வரை காத்திருப்பு; முறைப்படி ஃப்ரீஸ் செய்தவர்கள், அதாவது சொல்லிவிட்டு மெம்பர்ஷிப்பை இடையில் நிறுத்திவைத்தவர்கள் தனி; விடுமுறைக்குப் போன மாணவர்கள் தனி. விதி எது என்பதைவிட, அது எழுதி வைக்கப்பட்டு எல்லாக் கிளைகளிலும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். சத்துவாச்சாரிக் கிளை 7 நாள் என்றும் காட்பாடி 30 நாள் என்றும் வைத்துக்கொண்டால், காட்பாடி மேனேஜர் காரணமே இல்லாமல் பாராட்டு வாங்குவார். ஜூனியருக்கும் சீனியருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் தெரியும். ஜூனியர் கேட்ட எண்ணை எடுத்துத் தருவார். சீனியர், அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் முதலாளியிடம் பேசித் தீர்மானிப்பார்.

சேர்ந்த மாதத்தை வைத்துப் பிரிப்பது

இப்போது கட்டுரையின் முக்கியமான இடம். ஒரே காலத்தில் சேர்ந்தவர்களை ஒரு குழுவாக வைத்து, அந்தக் குழுவை மட்டும் மாதாமாதம் தொடர்வதைக் கோஹார்ட் ஆய்வு என்கிறோம். ஜனவரியில் சேர்ந்தவர்கள் ஜனவரிக் குழு, ஜூலையில் சேர்ந்தவர்கள் ஜூலைக் குழு.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஜனவரியில் 80 பேர் மூன்று மாதத் திட்டத்தில் சேர்ந்தார்கள், முடிந்ததும் 48 பேர் மறுபடி கட்டினார்கள். தங்கியவர்கள் 60 சதவீதம். ஜூலையில் 160 பேர் சேர்ந்தார்கள், மறுபடி கட்டியவர்கள் 56 பேர், அதாவது 35 சதவீதம். மொத்த மெம்பர் எண்ணிக்கையைப் பார்க்கும் முதலாளிக்கு ஜூலை அமோகம். ரின்யூவலும் 48-லிருந்து 56-ஆக ஏறியிருக்கிறது. குழுவாகப் பார்க்கும் உங்களுக்கு அடிவயிறு கலங்க வேண்டும். தங்கும் விகிதம் 60-லிருந்து 35 சதவீதமாக விழுந்திருக்கிறது.

இங்கே அவசரப்பட்டு "டிரெய்னர்கள் சரியில்லை" என்று சொல்லிவிடக் கூடாது. இன்னும் ஒரு படி உள்ளே போங்கள். ஜூலையின் 160 பேரில் 100 பேர் மாணவர்கள், 60 பேர் ஊர்க்காரர்கள் என்று பிரிகிறது. ஊர்க்காரர்களில் மறுபடி கட்டியவர்கள் 36, அதே 60 சதவீதம். மாணவர்களில் 20 பேர், 20 சதவீதம். ஆக, ஜிம்மின் தரம் கெடவில்லை, சேர்ந்தவர்களின் கலவைதான் மாறியிருக்கிறது. ஜூலையில் சேர்ந்த மாணவருக்கு மூன்று மாதம் முடிவது அக்டோபரில். நவம்பரில் செமஸ்டர் தேர்வு, அதற்குப் பிறகு ஊர். அந்த நேரத்தில் இன்னொரு மூன்று மாதத்துக்கு யார் பணம் கட்டுவார்கள்? திட்டத்தின் நீளம் அவர்களுடைய காலண்டரோடு பொருந்தவில்லை. செமஸ்டர் முழுவதற்கும் ஒரே திட்டம், விடுமுறைக்கு ஃப்ரீஸ் என்று மாற்றிப் பார்க்கலாம். "மாணவர்களை நம்ப முடியாது" என்ற முடிவுக்கும் "மாணவர்களுக்கு நாம் தரும் திட்டம் தப்பு" என்ற முடிவுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். இரண்டும் ஒரே தரவிலிருந்துதான் வருகின்றன. எந்த இடத்தில் பிரித்துப் பார்த்தோம் என்பதுதான் வேறு.

கடைசியாக வந்த நாள்

குழு ஆய்வு நடந்து முடிந்ததைச் சொல்லும். நடக்கப்போவதைச் சொல்ல ஒவ்வொருவரும் கடைசியாக வந்த நாளைப் பார்க்க வேண்டும்.

"10 நாள் வராதவர்களுக்கு ஃபோன் போடு" என்ற விதி பல ஜிம்களில் இருக்கிறது. இல்லாததற்கு இது தேவலை. ஆனால் வேலூரில் ஆஸ்பத்திரி வேலை பார்ப்பவர்கள் நிறைய. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிஎம்சி இன்று ஊரையே சுமக்கும் மருத்துவமனை. அதைச் சுற்றி எத்தனையோ லேப், மருந்துக்கடை, லாட்ஜ். நர்ஸாக இருக்கும் ஒருவருக்கு நைட் ட்யூட்டி வந்தால் ஒரு வாரத்துக்கு மேல் வரமாட்டார், டே ட்யூட்டி வந்ததும் விடாமல் வருவார். அவருக்கு 10 நாள் இடைவெளி சாதாரணம். வாரத்துக்கு ஆறு நாள் வரும் ரிட்டயர்டு ஆசிரியருக்கோ நாலு நாள் இடைவெளியே ஏதோ சரியில்லை என்பதற்கு அடையாளம், உடம்பு முடியாமல்கூட இருக்கலாம். அதனால் ஒவ்வொருவரின் பழைய பதிவிலிருந்தே அவருடைய வழக்கமான இடைவெளியை எடுத்து, இப்போதைய இடைவெளி அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் மட்டும் பெயரைப் பட்டியலில் கொண்டுவருகிறோம். பழைய தரவிலிருந்து கம்ப்யூட்டரே கற்றுக்கொண்டு கணிக்கும் மெஷின் லேர்னிங் எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டாலே போதுமானதாக இருந்தது.

அந்தப் பட்டியல் தினமும் காலையில் டிரெய்னர் கைக்குப் போகிறது, ஐந்தாறு பெயருக்கு மேல் இருக்காது. நாற்பது பெயர் கொடுத்தால் ஒருவரையும் கூப்பிட மாட்டார்கள்.

நம் ஊர்க் காலண்டர்

அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் ஜனவரித் தீர்மானம் பற்றி நிறைய இருக்கும். இங்கேயும் ஜனவரியில் கூட்டம் உண்டு, ஆனால் பொங்கலுக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மாலை நாலு மணி ஸ்லாட் காலியாகி, காலை ஐந்து மணி ஸ்லாட் பிதுங்கும். ஆடியில் புதிதாகச் சேர்வதைச் சிலர் தள்ளிப்போடுவார்கள். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் மலைக்குப் போய் வரும்வரை நிறுத்திவைப்பார்கள். இவர்கள் யாரும் கழன்றவர்கள் இல்லை.

இதில் மிகவும் ஏமாற்றக்கூடியது ரம்ஜான். வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் முஸ்லிம் மக்கள் கணிசமாக இருக்கிறார்கள். நோன்பு மாதத்தில் பலர் மாலை வருவதை விட்டுவிட்டு, இரவு தொழுகை முடிந்தபின் வருவார்கள், அல்லது அந்த மாதம் ஓய்வெடுப்பார்கள். ரம்ஜான் வரும் சந்திர ஆண்டு நம் காலண்டர் ஆண்டைவிடச் சிறியது என்பதால் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகரும். 2024-ல் மார்ச் 12-ல் தொடங்கியது, 2025-ல் மார்ச் 2-லேயே தொடங்கிவிட்டது. ஆக 2025 மார்ச் ஏறக்குறைய முழுவதும் நோன்பு, 2024 மார்ச்சில் மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டு மார்ச்சையும் அப்படியே ஒப்பிட்டு "மாலை வருகை சரிந்தது" என்று ரிப்போர்ட் போட்டால் தப்பு. நோன்பு நாட்களை நோன்பு நாட்களோடு ஒப்பிட வேண்டும். அதோடு, அந்த மாதம் இரவு பதினொன்றரை வரை கதவைத் திறந்துவைக்கலாமா என்பதும் இதே தரவிலிருந்து கேட்க வேண்டிய கேள்வி.

முகவரியிலும் கவனம் தேவை. 2019-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய ஃபாரத்தில் ஆற்காட்டுக்காரரும் "வேலூர் மாவட்டம்", வயதானவர்கள் சிலர் இன்றைக்கும் "வட ஆற்காடு" என்றே எழுதுகிறார்கள். மாவட்டப் பெயரை வைத்துப் பிரிக்காமல் பின்கோடை வைத்துப் பிரியுங்கள்.

பணக் கணக்கில் ஒன்றிரண்டு சொல்லி நகர்கிறேன். ஆண்டுக் கட்டணம் 9,000 ரூபாய் ஜனவரியில் வந்தால் அது ஜனவரி வருமானம் இல்லை, மாதம் 750. ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5-ஆகக் குறைந்தது. 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு முன்பு 1,180 வசூல், பிறகு 1,050. வசூலை அப்படியே ஒப்பிட்டால் ஆள் குறையாமலேயே வியாபாரம் விழுந்ததுபோல் தெரியும். வரி நீக்கிய தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஃபோன் போட்டதால்தான் வந்தாரா?

டிரெய்னர் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபோன் வேலை செய்கிறது என்று சொல்லலாமா? முடியாது. டிரெய்னர் தனக்குப் பழக்கமானவர்களை முதலில் கூப்பிடுவார். பழக்கமானவர்கள் கூப்பிடாவிட்டாலும் வரக்கூடியவர்கள்தான். இதைச் சரிசெய்ய, பட்டியலில் மெம்பர் எண் ஒற்றைப்படையாக இருப்பவர்களுக்கு மட்டும் சில வாரம் ஃபோன், இரட்டைப்படைக்கு இல்லை என்று வைத்துப் பார்க்க வேண்டும். யாருடைய விருப்பமும் கலக்காத பிரிவினை அது.

அப்போதும் பொறுமை வேண்டும். கூப்பிட்ட 40 பேரில் 14 பேர், கூப்பிடாத 40 பேரில் 11 பேர் ரின்யூ செய்தால், அந்த மூன்று பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். இதே விகிதம் பக்கத்துக்கு 400 பேரில், 140-க்கு 110 என்று வந்தால் நம்பிக்கை வைக்கலாம். சின்ன ஊர்த் தொழிலில் 400 பேர் சேர மாதக்கணக்கில் ஆகும். "இன்னும் தெரியாது, அடுத்த மாதமும் பார்ப்போம் அண்ணா" என்று முதலாளியிடம் நேராகச் சொல்லும் தைரியம் இந்த வேலைக்கு, தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லைவிட அதிகம் தேவை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கையில் இருப்பது எடை, இடுப்பளவு, சர்க்கரை இருக்கிறதா என்ற குறிப்பு, விரல் ரேகை, பெண்களின் ஃபோன் நம்பர், அவர்கள் வந்துபோகும் நேரம். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தரவை அவர் ஒப்புக்கொண்ட காரியத்துக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நமக்குத் தெரிய வேண்டியது இது. பட்டியலை வாட்ஸாப் குரூப்பில் போடக் கூடாது, புரோட்டீன் பவுடர் கடைக்கு நம்பர்களைக் கொடுக்கக் கூடாது. லேடீஸ் ஸ்லாட்டுக்கு வரும் பெண்களை லேடி டிரெய்னர்தான் கூப்பிட வேண்டும். என் பட்டியலில் எடையோ நோயோ இருக்காது, பெயரும் கடைசியாக வந்த நாளும் மட்டும்தான். கூப்பிடுபவருக்கு அதற்குமேல் தெரியத் தேவையில்லை.

என்ன படிப்பது என்று கேட்பவர்களுக்கு: எக்செல்லில் பெரிய பட்டியலைத் தொகுத்துச் சுருக்கும் பிவட் டேபிள் கையோடு வர வேண்டும். அப்புறம் எஸ்க்யூஎல். படம் போட பவர் பிஐ மாதிரி ஏதாவது ஒன்று. பைத்தான் என்ற நிரல்மொழி பிறகு போதும். அதற்கும் முன்னால், தெரிந்த ஜிம் ஒன்றில் அனுமதி கேட்டு ரிசப்ஷன் பக்கத்தில் காலையும் மாலையும் உட்கார்ந்து பாருங்கள். பெயர்களை நீக்கிய தரவைக் கேட்டு வாங்கி, மெம்பர் எண், சேர்ந்த நாள், கெடு முடியும் நாள், கடைசியாக வந்த நாள் என்று நாலே பத்தியில் ஒரு ஷீட் போடுங்கள். கடைசிப் பத்தியை வைத்து, பழைய தேதி மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். மேலே இருப்பவர்களில் கெடு முடிய இன்னும் ஒரு மாதமாவது இருப்பவர்கள் யார் என்று பார்த்து, அந்த எண்களை டிரெய்னரிடம் கொடுத்து, இவர்கள் ஏன் வருவதில்லை என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணங்களை அப்படியே ஐந்தாவது பத்தியில் எழுதுங்கள்.